வைஃபை அட்டைகளில் பழுதில்லை: அப்கிரேட் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

சிங்கப்பூர்
24.11.2025

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: 15.11.2025 அன்று 14 மடிக்கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றியபின் 9 கணினிகளில் வைஃபை அற்றுப்போனது. புதிய வைஃபை அட்டைகளுக்கு (கணினிக்குள் வைஃபை சிக்னலை வாங்கும் பாகம்) 405 வெள்ளி கேட்டு வந்த விலைக்குறிப்பு

ஐயா / அம்மையீர்,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், எங்கள் துணைப்பாட நிலையத்தின் 14 மடிக்கணினிகளையும் விண்டோஸ் 11-க்கு மாற்றித் தரும்படி தங்களிடம் ஒப்படைத்தோம். கணினிக்கு 60 வெள்ளி, மொத்தம் 840 வெள்ளி. மறுநாள் காலையில் 9 கணினிகள் வைஃபையில் சேரவில்லை.

முதலில் வந்த தொழில்நுட்பர், கடைவீட்டுச் சுவர் தடிமனாக இருப்பதால் சிக்னல் வரவில்லை என்றார். சிக்னல் குறைந்தால் பட்டியலில் வைஃபை பெயர்கள்தான் மறையும். அட்டைக்கு மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் விழாது. ஆறு கணினிகளின் டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களின் நிலையைக் காட்டும் விண்டோஸ் பட்டியல்) வைஃபை அட்டை அந்த முக்கோணத்துடன், 'கோட் 10' பிழை காட்டி நின்றது. சாதனம் இயங்கத் தொடங்கவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதே அறையில், அதே ரவுட்டரில் மற்ற ஐந்து கணினிகள் வேலை செய்துகொண்டிருந்தன.

இரண்டாவதாக வந்தவர் 'ஷட் டவுன்' செய்து மீண்டும் போடச் சொன்னார், மூன்று முறை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயங்கும் கணினியில் ஷட் டவுன் முழுமையான அணைப்பு ஆகாது. விண்டோஸின் கருப்பகுதியும் ட்ரைவர்களும் (வைஃபை அட்டை போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே திரும்பிவரும். புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவரை அனுப்பினீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு அவர் எதையும் பார்க்காமல் 14 கணினிகளிலும் 'நெட்வொர்க் ரீசெட்' அழுத்திவிட்டார். அது நெட்வொர்க் அடாப்டர்களை, அதாவது வைஃபை அட்டை போன்றவற்றை, விண்டோஸிலிருந்து நீக்கி மீண்டும் நிறுவும், சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் நாங்கள் அமைத்த ஐபி முகவரிகளையும் அழித்துவிடும். ட்ரைவர் கோளாறை அது தீர்க்காது, ஏனென்றால் கணினியில் இருக்கும் அதே ட்ரைவரைத்தான் திரும்பப் போடும். ஒழுங்காக ஓடிய ஐந்து கணினிகளையும் நாங்கள் மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று.

உண்மையான காரணங்களை நாங்களே கண்டறிந்து சரிசெய்துவிட்டோம். தங்கள் பதிவுக்காக விவரம்:

கோட் 10 காட்டிய ஆறும் ரியல்டெக் அட்டை கொண்டவை. 'ட்ரைவர்' பகுதியைத் திறந்தால் வழங்குநர் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் என்றிருந்தது. அப்கிரேட்டின்போது தயாரிப்பாளரின் ட்ரைவர் போய், விண்டோஸின் பொது ட்ரைவர் உட்கார்ந்துவிட்டது. இந்த மடிக்கணினிகளில் கம்பிவழி இணையத்துக்கான லான் துளை கிடையாது. வைஃபையும் இல்லாமல் ட்ரைவரை எப்படிப் பதிவிறக்குவது? கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' வழியாக, அதாவது கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, எடுத்தோம். அதன்பின் அட்டையை 'அன்இன்ஸ்டால்' செய்தோம். அதற்கடுத்து மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய விண்டோஸ் 11 ட்ரைவரை நிறுவினோம். மின்சேமிப்புப் பகுதியில், சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்தோம். கணினிக்கு 25 நிமிடம். விண்டோஸ் அப்டேட் திரும்பவும் ட்ரைவரை மாற்றிவிடக்கூடும் என்பதால், குரூப் பாலிசி என்ற விண்டோஸ் நிர்வாக அமைப்பில் அப்டேட்டோடு ட்ரைவர்கள் வருவதையும் நிறுத்தியுள்ளோம்.

இரண்டு கணினிகளில் அட்டை நன்றாக இயங்குவதாகக் காட்டியும் வைஃபை பட்டியல் காலியாக இருந்தது. பழைய விபிஎன் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான) மென்பொருள் ஒன்று விட்டுச்சென்ற, நெட்வொர்க் போக்குவரத்தின் இடையே நிற்கும் வடிகட்டி ட்ரைவர்தான் காரணம். இது புதுக் கோளாறும் அல்ல. 2015-இல் விண்டோஸ் 10-க்கு மாறியவர்களுக்கே வந்து, மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது. விபிஎன்னை நீக்கி, எஞ்சிய வடிகட்டியைக் கட்டளை வரியில் அகற்றியதும் பெயர்கள் வந்துவிட்டன. அப்கிரேட்டுக்கு முன்பே விபிஎன்னை எடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

கடைசிக் கணினிக்கு எங்கள் பின்னறை ரவுட்டர் மட்டும் தெரியவில்லை. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 13-ஆம் சேனலில் (அலைவரிசைப் பிரிவில்) இருந்தது. சிங்கப்பூரில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம், ஆனால் அமெரிக்க அமைப்பில் இயங்கும் ட்ரைவர் 11-க்கு மேல் பார்க்காது. சேனலை 11-க்கு மாற்றினோம், தெரிந்தது.

ஒன்பதில் ஒன்றுக்குக்கூட புதிய அட்டை தேவைப்படவில்லை. ஆனால் தாங்களோ அட்டை ஒன்றுக்கு 45 வெள்ளி வீதம் 405 வெள்ளி கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றையெல்லாம்விட எங்களைப் பெரிதும் வருத்தியது வேறு. அப்கிரேட் ஆன 10 நாள்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பிச் செல்ல வழியுண்டு. அதற்குப் பழைய விண்டோஸைச் சேமித்து வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறை வட்டில் இருக்க வேண்டும். தங்கள் ஊழியர்கள் இடம் மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, அன்று மாலையே 14 கணினிகளிலும் அதை நீக்கிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இருந்திருந்தால் மறுநாளே வகுப்புகளை நடத்தியிருப்போம், காரணத்தைப் பிறகு சாவகாசமாகத் தேடியிருக்கலாம். இன்று ஒன்பதாம் நாள்.

ஆகவே நாங்கள் கேட்பது: பாதிக்கப்பட்ட 9 கணினிகளுக்கான 540 வெள்ளியைத் திருப்பித் தரவும். 405 வெள்ளி விலைக்குறிப்பை எழுத்துமூலம் ரத்து செய்யவும். ஒவ்வொரு கணினியிலும் தங்கள் ஊழியர்கள் நீக்கியவை, மாற்றியவை என்னென்ன என்ற பட்டியலைக் கையொப்பத்துடன் தரவும். பட்டியலை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம், டிசம்பர் விடுமுறை வகுப்புகளுக்கு முன் வேறென்ன காணாமல் போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வோம். 20,000 வெள்ளி வரையிலான சேவை ஒப்பந்தத் தகராறுகளை அங்கே விசாரிக்கிறார்கள். டிவைஸ் மேனேஜர் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), ட்ரைவர் பதிப்பு எண்கள், தங்கள் ரசீது ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்பாளர்கள்
துணைப்பாட நிலையம், சிராங்கூன் சாலை