21 கட்டங்கள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த '21 நாளில் புதிய பழக்கம்' கட்டுரையும், கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி அச்சிட்டிருந்த 21 கட்டங்களும் நல்ல எண்ணத்தில் வந்தவைதான். ஆனால் அந்த எண் பழக்கத்தை அளந்து பார்த்துக் கிடைத்ததில்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது அது. முகத்தில் அறுவை செய்துகொண்டவருக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கண்டது. பின்னால் வந்தவர்கள் 'குறைந்தது' என்ற சொல்லை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

நாள் கணக்கை உண்மையில் எடுத்துப் பார்த்தவர்கள், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழுவினர். 96 பேர், ஆளுக்கு ஒரு சிறு செயல், 12 வாரம். தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் அதைச் செய்துவிட்டு, எந்த அளவுக்கு யோசிக்காமலே வந்தது என்று பதிந்தார்கள். அப்படி யோசிக்காமல் வருவது உச்சத்தை நெருங்க ஆன காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. (254 என்பது வரைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது, ஆய்வே 84 நாளில் முடிந்துவிட்டது. ஆகவே 66-ஐயும் மந்திர எண் ஆக்கிவிட வேண்டாம்.) தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. 21-ஐ நம்பியவரோ 22-ஆம் நாளும் மனம் முரண்டு பிடித்தால் தன் மனஉறுதியின் மேல் பழியைப் போட்டுக் கைவிட்டுவிடுகிறார்.

எத்தனை நாள் என்று பேசிய கட்டுரை, எதை ஒட்டிச் செய்வது என்பதைத் தொடவே இல்லை. பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனை உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று நினைப்பதைவிட அது தெளிவாகவே கூடுதலாக உதவுகிறது.

ஆனால் அந்த 'இது' சரியாக அமைய வேண்டும். இரவு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 'படுக்கும் முன்' என்று வைத்தால், தலையணையில் தலை சாய்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். 'முன்' என்பது நிகழ்ச்சியே இல்லை; அதைக் கண் காணாது, காது கேட்காது. 'பல் துலக்கி பிரஷ்ஷை வைத்ததும்' என்றால், கை பிரஷ்ஷை விடும் கணமே தூண்டல். மாத்திரை அட்டை அங்கிருந்து கண்ணில் படும் இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குளியலறைக்குள் வேண்டாம், ஈரம் மாத்திரைக்கு ஆகாது.

பிசகுவது பெரும்பாலும் சில இடங்களில்தான். அவசரமாகக் கிளம்பும் நேரத்தோடு முடிச்சுப் போடுவார்கள். ஒரே நிகழ்ச்சியின் தலையில் மூன்று செயல்களை ஏற்றுவார்கள். அலாரத்தை நம்புவார்கள், அதை நிறுத்துவதுதான் பழக்கமாகும். விடுமுறையில், பயணத்தில் தூண்டலே காணாமல் போகும், அந்த நாள்களுக்கு வேறொரு நிகழ்ச்சியை முன்பே குறித்துவைக்க வேண்டும். அளவும் முக்கியம். நடைப்பயிற்சி என்றால் முதல் இரண்டு வாரம் செருப்பை மாட்டி வாசலைத் தாண்டினாலே அன்றைய கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம். முதலில் மனம் பழக வேண்டியது கிளம்புவதற்கு. தூரம் பிறகு தானாகக் கூடும்.

கெட்ட பழக்கத்துக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், திரையரங்கில் பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள் ஒரு வாரப் பழைய, நமுத்துப்போன பாப்கார்னையும் புதியதைத் தின்ற அளவுக்கே தின்றார்கள். பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள்! திரையரங்குக்குப் பதில் கூட்டம் நடத்தும் அறையில் உட்கார வைத்தபோதும், பழக்கமில்லாத கையால் எடுக்கச் சொன்னபோதும் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. இரவெல்லாம் கைப்பேசியைத் தடவுகிறவர் சபதம் எடுப்பதைவிட சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுவது மேல்.

அடுத்த முறை கட்டம் போட்டால் 84 போடுங்கள், 12 வாரத்துக்கு. அதற்கு மேலே ஒரு வரி காலியாக இருக்கட்டும்: '........ முடிந்ததும் ........ செய்வேன்.'

இப்படிக்கு,
உளவியல் கற்பிக்கும் ஒரு வாசகர்