வரிச்சேமிப்பு ஃபண்டில் மாட்டிக்கொண்ட பணம்: நான்காவது புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் 'உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது' என்ற ஒரே பதில்தான். அதனால் இது பதிவுத் தபாலில் வருகிறது.

2022 ஜூன் 10 முதல் உங்கள் இஎல்எஸ்எஸ் என்ற வரிச்சேமிப்பு ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை, கட்டி வருகிறேன். ஃபாரத்தை நிரப்பியது உங்கள் ஆள். "மூணு வருஷம்தான் லாக்-இன், அப்புறம் எப்ப வேணா எடுத்துக்கலாம்ணே" என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2025 ஜூலை 2ஆம் தேதி எடுக்கப் போனால், கட்டிய 37 தவணையில் முதல் தவணையில் வாங்கிய யூனிட்டுகள், அதாவது ஃபண்டில் என் பங்கு, மட்டும்தான் வருமாம். ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக மூன்று வருடமாம். போன மாதம் கட்டியது 2028 ஜூனில்தான் கைக்கு வரும். இதெல்லாம் உங்களுக்கு முதல் நாளே தெரியும், எனக்குத்தான் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. மதுரைக் கிளையில் இரண்டாவது கவுன்டரில் இருப்பவர், பத்துப் பேர் முன்னால், "என்ஏவின்னா என்னன்னே தெரியாம எதுக்கு சார் ஃபண்டுல போடுறீங்க?" என்றார். ஐயா, நான் மளிகைக் கடைக்காரன். துவரம்பருப்பு கிலோ இன்றைக்கு என்ன விலையோ அது மாதிரி ஒரு யூனிட்டின் அன்றைய விலை, அவ்வளவுதான் என்று என் மகள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அவருக்கு அந்த அரை நிமிடம் இல்லை. கையெழுத்து பொருந்தவில்லை, கேன்சல் செய்த செக்கோடு நாளைக்கு வாருங்கள் என்றார். மறுநாளும் கடையை அடைத்துவிட்டு திருமங்கலத்திலிருந்து வந்து வெயிலில் நின்றால், சர்வர் வேலை செய்யவில்லையாம்! இந்த அலைச்சலில் லட்ச ரூபாய் வியாபாரம் போனது. மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன். எஸ்ஐபியை நிறுத்தச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்தேன். 10ஆம் தேதி மறுபடியும் 5,000 பிடித்திருக்கிறீர்கள். அதற்கும் இன்னொரு மூன்று வருடம்!

மார்க்கெட் ஏறுவது இறங்குவது பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களோடு சண்டை போடவும் விருப்பமில்லை. எந்தத் தவணை எந்தத் தேதியில் விடுபடும் என்று தமிழில் ஒரு பட்டியல், எஸ்ஐபி நிறுத்தப்பட்டதற்குக் கடிதம், அந்தக் கவுன்டர்காரரின் மன்னிப்பு, இவை மூன்றும் 10 நாளுக்குள் வரட்டும். வராவிட்டால் ஃபண்டு கம்பெனிகளைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் புகார் ஏறும், அங்கே 21 நாளில் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கப்புறம் நுகர்வோர் ஆணையம்.

பேருந்துச் சீட்டுகள் நான்கின் நகலும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்