எர்த்தை முதலில் பார், சரசு

அன்புள்ள சரசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அத்தைக்கு முட்டுவலி தேவலை என்று எழுதியிருக்கிறாய். மழை முடியும்வரை ராத்திரி வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதே. நாகர்கோவிலில் ஐப்பசி மழை நன்றாகவே பெய்கிறது. இவர் ஓய்வு பெற்றதிலிருந்து முழுநேரமும் தோட்டத்தில்தான். ஐ.டி.ஐ. வேலை முடிந்த பிறகும் என் பழைய வயர்மேன் மாணவர்கள் போன் செய்து சந்தேகம் கேட்பது நிற்கவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

ஆனால் கடிதத்தின் பின்பாதியைப் படித்துவிட்டு மனசு சரியில்லை. ஒரே சாயங்காலத்தில் இடியால் டிவி, மோடம், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் மூன்றும் போவது சின்ன நஷ்டம் இல்லை. இப்போது எலெக்ட்ரீஷியன் தம்பி மெயின் போர்டில், திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பெட்டி ஒன்று மாட்டினால் போதும் என்கிறார், கேபிள்காரர் எங்கள் வயரில் ஒன்றும் வராது என்கிறார், கடைக்காரர் ஸ்டெபிலைசரைக் காட்டுகிறார். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். எலெக்ட்ரீஷியன் சொல்வதில் பாதி சரி. கேபிள்காரர் சொல்வது தப்பு. ஸ்டெபிலைசர் இதற்கு உதவவே உதவாது. மின்னழுத்தம் மெதுவாக ஏறி இறங்குவதைத்தான் அது சரிசெய்யும். மின்னல் தரும் அதிர்வோ மைக்ரோ நொடிகளில் வந்து போய்விடும். ஸ்டெபிலைசரின் ரிலே அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நீ எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இடி உங்கள் வீட்டில் விழவில்லை, ஓடைக்கரைப் பனையில் விழுந்தது என்பது. பெரும்பாலான வீடுகளில் சாமான் போவது இப்படித்தான். பனை வழியாக இறங்கும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் இருக்கும். அது மண்ணில் பரவும்போது அந்த வட்டாரத் தரையின் மின்னழுத்தமே ஏறிவிடும், பக்கத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. கூடவே மேலே ஓடும் ஈ.பி. கம்பி, கேபிள் வயர், மோட்டார் வயர் எல்லாவற்றிலும் தூண்டல் மின்னழுத்தம் பாயும். உன் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு உலோகக் கம்பியும் அந்த நேரத்தில் வேறு வேறு அழுத்தத்தில் நிற்கிறது. டிவிக்கு ஒரு பக்கம் கரண்ட் வயர், இன்னொரு பக்கம் கேபிள். இரண்டுக்கும் நடுவில் சில ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வந்தால், அது டிவிக்குள் இருக்கும் போர்டு வழியாகத்தான் தீர்த்துக்கொள்ளும். அதனால்தான் கரண்ட் வயருக்கு மட்டும் பெட்டி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்கிறேன்.

சர்ஜ் பெட்டியை எங்கள் தொழிலில் எஸ்.பி.டி. என்போம். அது செய்வது நம் ஊர்க் குளத்து மறுகால் செய்யும் வேலைதான்: அளவுக்கு மேல் வந்ததைப் பக்கவாட்டில் வெளியே தள்ளிவிடும். உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லை ஒன்று இருக்கும். சாதாரண மின்னழுத்தத்தில் அது கிட்டத்தட்ட மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் எகிறியதும் நானோ நொடிகளில் திறந்து மிச்சத்தை எர்த்துக்கு, அதாவது மண்ணில் புதைத்த பைப்புக்கு, அனுப்பும். எர்த் சரியில்லாவிட்டால் அனுப்ப இடம் இருக்காது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பெட்டி சும்மா சுவரில் தொங்கும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் எர்த் குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல். உங்கள் வீடு கட்டியபோது துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போட்ட ஜி.ஐ. பைப் என்று நினைவு. கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது அருமையாகக் கடத்தும், ஆனால் பங்குனி சித்திரையில் வெடித்துப் பைப்பை விட்டு விலகி நிற்கும். மழைக்காலத்தில் அளந்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் கோடை இடியில் ஏமாற்றும். பைப்பில் கம்பியை முடுக்கிய நட்டு போல்ட்டும் துருப்பிடித்துப் பொடியாகியிருக்கலாம். எர்த் டெஸ்டர் வைத்து, இரண்டு துணைக் கம்பிகள் அடித்து அளக்கச் சொல். 5 ஓமுக்குள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் முதல் குழியிலிருந்து ஒரு பைப் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி இரண்டாவது குழி போட்டு, பென்டோனைட் களிமண் நிரப்பி, இரண்டையும் பட்டையால் இணைத்துவிடலாம். கரியும் உப்பும் போடும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் உப்பு மழையில் கரைந்து போகும், பைப்பையும் அரிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடு. எர்த் சரியாகக் கிடைக்கவில்லை என்று சிலர் வீட்டுக்குள்ளேயே கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி விடுவார்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் கரண்ட் வந்துவிடும். அத்தையும் பேத்தியும் இருக்கும் வீடு. தம்பி என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே.

அப்புறம் பெட்டி. டைப் 1, டைப் 2, டைப் 3 என்று மூன்று வகை இருக்கிறது. இடிதாங்கி வைத்த கட்டடத்துக்கும், மின்னல் நேரடியாகக் கம்பியில் விழ வாய்ப்புள்ள இடத்துக்கும் டைப் 1. அதைச் சோதிக்கும் மின்னலை 10/350 என்பார்கள்: 10 மைக்ரோ நொடியில் உச்சம் தொட்டு, பாதியாகக் குறைய 350 மைக்ரோ நொடி எடுக்கும். டைப் 2-க்கு 8/20 சோதனை, அதில் ஆற்றல் மிகக் குறைவு. தெருவில் வரிசையாக வீடு இருக்கும் ஊருக்கு டைப் 2 தாராளம். ஆனால் உங்கள் வீடு ஊர்க் கடைசியில் வெட்டவெளியில், கம்பத்திலிருந்து நீளமான சர்வீஸ் வயரோடு நிற்கிறது. கையில் பணம் இருந்தால் டைப் 1+2 என்று இரண்டும் சேர்ந்ததை வாங்கு என்றுதான் சொல்வேன். இல்லையென்றால் டைப் 2, 20 கிலோ ஆம்பியர் நாமினல் (திரும்பத் திரும்பத் தாங்கும் அளவு), 40 கிலோ ஆம்பியர் உச்சம். அதற்கு மேல் எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பதற்கு மயங்க வேண்டாம்.

பெட்டியின் மேலே யு.சி. என்று ஓர் எண் இருக்கும். அது தொடர்ந்து தாங்கும் மின்னழுத்தம். 275 வோல்ட் போட்டது நிறையக் கிடைக்கும், ஆனால் ராத்திரி எல்லா மோட்டாரும் நின்றபின் கிராமத்து லைனில் அழுத்தம் ஏறிவிடும், அதனால் 320 வோல்ட்டாகக் கேள். யு.பி. என்பது சாமான் வரை தப்பிப் போகும் அழுத்தம், இது 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் போன்றவை 2.5 கிலோ வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன, மென்மையான எலக்ட்ரானிக்ஸ் 1.5-தான் தாங்கும். ஐ.இ.சி. 61643-11 என்ற தர எண் அச்சாகியிருக்க வேண்டும். ஒரு சின்ன ஜன்னல் பச்சையாக இருக்கும். வில்லை தேய்ந்து போனால் சிவப்பாகும். கார்ட்ரிட்ஜ் மட்டும் கழற்றி மாற்றும்படி இருப்பதை வாங்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு துடைக்கும்போது அந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிடு.

உங்களுடையது சிங்கிள் ஃபேஸ். எர்த் உங்கள் குழியிலிருந்தே வருகிறது, ஈ.பி. தருவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு 1+1 என்ற அமைப்புதான் சரி: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வில்லை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வாயுக் குழாய் (அழுத்தம் எகிறினால் மட்டும் கடத்தும், வாயு அடைத்த சின்னக் குழல்). இதை ஆர்.சி.சி.பி.க்கு (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். தனியாக எம்.சி.பி. வேண்டுமா என்பது பெட்டியோடு வரும் தாளில் இருக்கும், அதைப் படித்துவிட்டு மாட்டச் சொல்.

இனி நான் சொல்வதைப் பல எலெக்ட்ரீஷியன்கள் கவனிப்பதில்லை. பெட்டிக்குப் போகும் வயரும் பெட்டியிலிருந்து எர்த் பட்டைக்கு வரும் வயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் வயரில் மைக்ரோ நொடிக்கு ஆயிரம் ஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறினால், அந்த வயரிலேயே கிட்டத்தட்ட ஆயிரம் வோல்ட் எழும். அது பெட்டியின் யு.பி.யோடு கூடிக்கொள்ளும். அழகுக்காக வயரைச் சுருட்டி வைத்து மடக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்து வெட்டச் சொல். டைப் 2-க்கு எர்த் வயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, டைப் 1 என்றால் 16.

சரி, கேபிள். கீழே அத்தை பார்க்கும் கேபிள் டிவி வயரும் மாடியில் உள்ள டிஷ் வயரும் வீட்டுக்குள் நுழையும் இடம், மெயின் போர்டுக்குப் பக்கமாகவே இருப்பது நல்லது. கேபிளின் வெளிப் பின்னலை அங்கேயே எர்த்தோடு சேர்க்கும் பிளாக்கும், வாயுக் குழாய் வைத்த கோஆக்சியல் சர்ஜ் ப்ரொடெக்டரும் மாட்ட வேண்டும். டிஷ்ஷுக்கு வாங்கும்போது டி.சி. பாஸ் ஆகும் வகையா என்று கேட்டு வாங்கு. டிஷ் நுனியில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது, அது தடைபட்டால் படம் வராது. 2150 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்குவதாகவும் இருக்க வேண்டும். டிஷ் கம்பத்தையும் எர்த்தோடு இணைக்கலாம், ஆனால் அதற்கென்று தனியாக ஒரு கம்பியைத் தரையில் அடித்து நிறுத்திவிடக் கூடாது. கரண்ட், கேபிள், டிஷ், போர் மோட்டார் எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும். தனித்தனிக் குழி போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று தம்பி நினைப்பார். பனையில் இடி விழும்போது அந்த இரண்டு குழிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் டிவியைச் சுடும். பிழைப்புக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இன்டர்நெட் ஃபைபர் என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, உண்மைதான். ஆனால் கம்பத்திலிருந்து வரும் அந்தக் கறுப்பு வயரில் தாங்குவதற்குப் பெரும்பாலும் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதை வெளிச் சுவர்க் கொக்கியிலேயே நிறுத்தி வெட்டிவிட்டு, இழை மட்டும் உள்ளே வரும்படி செய்யச் சொல். மோடத்துக்கு மிச்சம் உள்ள வழி அதன் அடாப்டர், மாடிக்கு இழுத்த நெட் வயர். மெயின் போர்டிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் டிவி, மோடத்துக்குப் பக்கத்தில் டைப் 3 பலகை (சர்ஜ் பாதுகாப்பு உள்ளேயே இருக்கும் பிளக் பலகை) ஒன்று வை. மூன்றாவது ஓட்டையில் உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று சோதித்த பிறகு.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டாராமே, அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். கம்பத்தில் நியூட்ரல் போனால் வீட்டுக்குள் 415 வோல்ட் வரை ஏறலாம், அதுவும் நிமிடக்கணக்கில். எஸ்.பி.டி. மைக்ரோ நொடிக்கானது, இந்த அழுத்தம் நீடித்தால் அதன் வில்லை சூடேறி வெந்துபோகும். இதற்கு ஓவர் வோல்டேஜ் ரிலே தனியாக வேண்டும். அழுத்தம் 270 வோல்ட்டைத் தாண்டினால் வீட்டையே துண்டித்துவிட்டு, சரியானதும் சேர்க்கும். உங்கள் ஊர் லைனில் இடியை விட இது அடிக்கடி நடக்கும் என்பது என் கணிப்பு. பணம் ஒன்றுக்குத்தான் என்றால், எர்த்துக்கு அடுத்து இந்த ரிலேயை வாங்கு, அப்புறம் எஸ்.பி.டி.

இத்தனையும் செய்தாலும் வீட்டின் மேலேயே இடி விழுந்தால் எந்தப் பெட்டியும் முழுக்க உறுதி தராது. மானம் கறுக்கும்போதே டிவி பிளக்கையும் பின்னால் உள்ள கேபிளையும் பிடுங்கி வைப்பது இன்றும் நல்ல வழக்கம். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் சத்தம் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது எந்த வயரையும் தொட வேண்டாம், யாரையும் மாடிக்கு அனுப்ப வேண்டாம். போனால் டிவி போகட்டும்.

எர்த் அளந்ததும் எத்தனை ஓம் என்று எழுது. தம்பிக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு, சந்தேகம் இருந்தால் சாயங்காலம் எனக்குப் போன் செய்யச் சொல். அண்ணனுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். பேத்தியைப் பெரியம்மா கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
மல்லிகா

பி.கு.: போர் மோட்டார் ஸ்டார்ட்டரை இப்போதே புதிதாக வாங்கிவிடாதே. கிணற்றடிக்கு இழுத்த வயர் நீளம் அதிகம், அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு டைப் 2 வைக்க இடம் பார்த்து, அங்கிருந்து வீட்டு எர்த்துக்குப் பட்டை இழுத்த பிறகு மாட்டலாம். வருஷத்துக்குள் சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல், கூரையிலிருந்து வரும் டி.சி. வயருக்கு வேறு வகை எஸ்.பி.டி. வேண்டும், ஏ.சி.க்கு உள்ளதை அதில் மாட்டினால் தீப்பிடிக்கலாம்.