பாலிடெக்னிக் பாடத்திட்டக் குழுவுக்கு: பிள்ளைகளை மெஷினைத் தொட விடுங்கள்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்) ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். ரோபாட்டிக்ஸ், மின்வாகனம், இண்டஸ்ட்ரி 4.0 என்று பாடத்தில் புதிது புதிதாகச் சேர்க்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் போன வாரம் வேலை கேட்டு வந்த பையனைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெக்கானிக்கல் டிப்ளமோ, நல்ல மார்க். டிராயிங்கைக் கொடுத்தேன், மெஷினுக்குக் கட்டளை சொல்லும் ஜி கோடு பிழையில்லாமல் எழுதினான். சரி வா என்று வி.எம்.சி. என்ற சி.என்.சி. மில்லிங் மெஷின் முன்னால் நிறுத்தி, ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய துண்டைக் கட்டி, அது மெஷினில் எங்கே இருக்கிறது என்று அளந்து ஆஃப்செட் எடு என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. "காலேஜ்ல மெஷின் இருக்கு சார், தொட விட்டதில்ல" என்றான். கன்ட்ரோலர் பழுதாகி, ரிப்பேருக்குப் பணம் இல்லாமல் உறை போட்டு மூடிவைத்திருக்கிறார்களாம். ஓடிய காலத்திலும் டூல் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் ஆசிரியர் ஓட்டிக்காட்ட, பேட்ச் முழுக்கச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டி, பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

பையன்மேல் தவறில்லை. டூல் முனையில் மாட்டும் ஒரு இன்சர்ட் உடைந்தால் கைக்காசு போட வேண்டிய ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடம் ஃபீஸ் கட்டிப் படித்தவன் இப்போது ஹெல்பர் சம்பளத்துக்குச் சேர்ந்து, பத்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்த ஆபரேட்டரிடம் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டில் இதை அவன் எப்படிச் சொல்வான், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் மெஷினை ஓட்ட வேண்டிய குறைந்தபட்ச நேரத்தைப் பாடத்திட்டத்திலேயே எழுதுங்கள். பேட்சுக்கு இத்தனை மணி என்று வேண்டாம், ஆளுக்கு இத்தனை மணி என்று எழுதுங்கள். தேர்வில் அவர்கள் வெட்டிய ஜாப்பை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து மார்க் போடுங்கள். இன்சர்ட், கூலன்ட், ரிப்பேர் செலவுக்கு வருடாவருடம் தனியாக ஒதுக்கச் சொல்லி அரசிடம் வாதாடுங்கள்.

எதிர்காலத் தேவை என்று பேசுகிறீர்கள், அந்தக் கவலை எங்களுக்கும் இருக்கிறது. மின்வாகனத்தில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கிராங்க் ஷாஃப்ட் கிடையாது. அந்த ஜாப்பை நம்பியிருக்கும் பட்டறைகள் மோட்டார் ஹவுசிங், பேட்டரி பெட்டி என்று மாறியே ஆக வேண்டும். அடுத்து எந்த மெஷின் வருமோ தெரியாது. ஆனால் சாதா லேத்தில் கை பழகியவர்கள் சில மாதத்தில் சி.என்.சி.க்கு மாறியதை எங்கள் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். 2022இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் கொண்டுவரும் சான்றிதழ்கள் கூடியிருக்கின்றன, மெஷின் முன்னால் நிற்கும் தைரியம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அரசு ஐ.டி.ஐ.கள் 71ஐ டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அந்த மெஷின்களையும் நாளைக்கு இப்படி உறை போட்டு மூட விட்டுவிடாதீர்கள்!

இது ஒன்றும் புதுக் கோரிக்கையும் இல்லை. படிப்புக்கு நடுவே தொழிற்சாலைக்கு அனுப்பும் மூன்றரை வருட சாண்ட்விச் டிப்ளமோ நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதை ஏன் சில கல்லூரிகளோடு நிறுத்திவிட்டோம்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இத்தனை மணி நேரம் மெஷினில் என்பதை அடுத்த திருத்தத்திலேயே சேர்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், குழுவில் பெரிய கம்பெனி அதிகாரிகளோடு சின்னப் பட்டறைக்காரர் இரண்டு பேரையும் உட்காரவையுங்கள். கல்லூரியில் மெஷின் ரிப்பேர் ஆகும்வரை சனிக்கிழமைகளில் என் பட்டறையில் ஒரு மெஷினை மாணவர்களுக்கு விட்டுத்தருகிறேன், டூல் உடைந்தால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரன்