நமது படகுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு அண்ணாச்சிமார்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன். போன வருசத்து அறிக்கை நீளம் என்று குறை வந்தது. இந்த வருசமும் குறையாது. வெள்ளம் பார்த்த வருசம் இது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர், தூத்துக்குடிச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள். 1986இல்தான் மாவட்டம் பிரிந்தது. சங்கம் அதற்கும் முந்தியது. 1975ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் நெல்லைச் சீமையின் சங்கமாகவே பதிவானது. அந்தக் காகிதத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நாமும் மாற்றவில்லை.

தூத்துக்குடிக்காரன் மேடையேறினால் வ.உ.சி.யிலிருந்துதான் தொடங்குவான் என்று மதுரைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்து கொழும்புக்கு ஓடிய காலத்தில், கப்பல் எதுவும் கரையை அணைய முடியாது. பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகிலும் தோணியிலும்தான் போய்ச் சேர வேண்டும். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் பயணிகளும் இங்கேதான் இறங்கிக் கடலேறினார்கள். கப்பலின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அதற்குச் சரக்கேற்றிய தோணிக்காரர்கள் பெயர் எதிலும் இல்லை.

1974இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. கப்பல் கரையிலேயே வந்து கட்டியது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிய தோணிகள் ஒவ்வொன்றாக எஞ்சின் வைத்தன, பாய் இறங்கியது. அப்போது தோணி ஆபீஸ் கணக்கர்களும், பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலரும், வேலை குறைந்துபோன தோணித் தலைவர்களான தண்டல்களும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இது. ஞாயிற்றுக்கிழமை பாய் கட்டி ஓட ஒரு வள்ளம் வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எதையும் முதல் மினிட் புத்தகத்தில் காணவில்லை. முதல் பாய், கழித்துப்போட்ட தோணிப் பாயிலிருந்து வெட்டித் தைத்தது. அதில் ஒரு துண்டு கொட்டகைச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதில் கை துடைக்க வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி இந்த ஆண்டு. வருசத்தின் பெரும்பகுதியைத் தின்றது பழைய வள்ளத்தின் வேலைதான். அடிமரமான ஏராவை ஒட்டிய பலகைகளைக் கடல் புழு துளைத்திருந்தது. வெளியே பார்த்தால் பெயிண்ட் நன்றாக இருக்கும். உளி வைத்துக் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். என்ன செய்வது என்று வைகாசிக் கூட்டத்தில் நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். இளைய உறுப்பினர்கள் மேலே பைபர் அடித்துவிடலாம் என்றார்கள். செலவு பாதிதான், வேலையும் சீக்கிரம் முடியும் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பான கணக்கு இல்லை. ஆனால் காலமெல்லாம் மீனெண்ணெய் குடித்த பலகையில் பைபர் ஒட்டிப் பிடிக்காது. மரம் தண்ணீரில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் பைபர் அதனோடு அசையாமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கும். படகு கட்டும் தச்சரான ஓடாவி அண்ணாச்சி இதை ஒரே வரியில் முடித்தார்: “பொணத்துக்குச் சட்டை போடவா என்னையக் கூப்பிட்டிய?” வாக்கெடுப்பில் மரப் பட்சம் ஜெயித்தது. நானும் மரத்துக்குத்தான் கை தூக்கினேன் என்பதை மறைக்கவில்லை.

அயினி மரப் பலகை கிடைக்கவே ஆடி பிறந்துவிட்டது. விலையைப் பொருளாளர் வாசிப்பார், அப்போது பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். பலகையைச் சூடுகாட்டி வளைத்து, ஆணி அடித்து, இடுக்குக்குப் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி எண்ணெயில் குழைத்துப் பூசும் வேலையை ஓடாவி அண்ணாச்சியோடு கூட நின்று நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பைபர் கேட்டுச் சண்டை போட்ட தம்பிதான் பஞ்சு திணிப்பதில் இப்போது கைதேர்ந்தவர்.

ஆடியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்கே மலைக் கணவாய் வழியாக வரும் கச்சான் காற்று நம் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் கரையோரம் அலையே இருக்காது. கடல் குளம் மாதிரி கிடக்கும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள், நம் பையன்கள் இரண்டு பேரும் ஏமாந்தார்கள். பாய் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் வெகுதூரம் போய்விட்டார்கள். திரும்ப எதிர்காற்றில் ஏறி வர முடியவில்லை. புத்தியாகப் பாயை இறக்கி நங்கூரம் போட்டதால் நம் பைபர் படகு போய்க் கட்டி இழுத்து வர முடிந்தது. அன்றிலிருந்து விதி: கச்சான் காலத்தில் காலை வெயில் ஏறுவதற்குள் கரை திரும்ப வேண்டும், துணைப் படகு தண்ணீரில் இல்லாமல் பாய் ஏறக்கூடாது. மிதவைச் சட்டை போட்டால் வேர்க்கிறது என்கிறவர்கள் கரையில் உட்கார்ந்து வேர்க்கலாம்.

வான் தீவுக்குச் சுற்றுலா போகலாம் என்று இரண்டு விண்ணப்பம் வந்தது. அது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. பாறை வெட்டியும் அரித்தும் தேய்ந்துபோன தீவு, 2015 முதல் சுற்றிலும் செயற்கைப் பாறை போட்டுக் காப்பாற்றுகிறார்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு நாம் அங்கே போக வேண்டியதில்லை. விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன.

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீர் நம் ஊருக்குள் வந்தது. மீனவர்கள் கடலில் கிடந்த படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனார்கள். நம் பைபர் படகும் மினி லாரியில் போனது. தெருத் தண்ணீரில் எஞ்சின் உதவாது என்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது: எஞ்சின் காற்றாடியில் துணியும் கேபிள் வயரும் சுற்றிக்கொண்டன. எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றித்தான் போனார்கள். கம்பு ஊன்றினால் அடியில் சாக்கடை வாறுகால் எங்கே, மதில் எங்கே என்று கைக்குத் தெரியும். மருந்து, பால், மெழுகுவர்த்தி கொண்டுபோனார்கள், வயசானவர்களைக் கொண்டுவந்தார்கள். போனவர்கள் தங்கள் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

கொட்டகைக்குள்ளும் தண்ணீர் வந்தது. மினிட் புத்தகங்கள் மச்சில் இருந்ததால் தப்பின. ரசீதுக் கட்டுகள் போய்விட்டன. வள்ளம் முட்டுக்கட்டையிலிருந்து தானாகக் கிளம்பி, கொட்டகைக்குள்ளேயே மிதந்து நின்றது. ஓடாவி அண்ணாச்சி வந்து பார்த்து, உள்ளே கையை விட்டுத் தடவி, ஒழுக்கு இல்லை என்றார். தை பிறந்ததும் முறையாகத் தேங்காய் உடைத்துக் கடலில் இறக்கினோம். முதல் ஓட்டம் நல்ல வாடைக் காற்றில்.

நாம் தண்டல் தாத்தா என்றே கூப்பிட்ட மூத்த உறுப்பினர் புரட்டாசியில் காலமானார். பாய்த்தோணியில் கொழும்புக்கு, ஏறக்குறைய 150 கடல் மைல், போய் வந்தவர்களில் நம் சங்கத்தில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. கயிற்று முடிச்சுகளை அவர் போட்டுக் காட்டியதை ஒரு பெண்பிள்ளை செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். அதை எல்லாரும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

பொதுக்குழு முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. வருமானத்துக்காக ஞாயிறு தோறும் பைபர் படகில் சவாரி விடலாம் என்கிறார்கள் சிலர். என் கருத்து வேண்டாம் என்பது. எஞ்சின் போட்டுச் சவாரி விட ஊரில் ஆள் உண்டு. பாய் ஏற்றவும் பஞ்சு திணிக்கவும் சொல்லிக்கொடுக்க இந்தக் கொட்டகையை விட்டால் எனக்குத் தெரிந்து வேறு இடமில்லை. காசு போதவில்லை என்றால் சந்தாவை ஏற்றுவோம், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். வாக்கு உங்களுடையது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வெள்ளத்தின்போது கொட்டகையிலிருந்து எடுத்துப்போன துடுப்புகளில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. யார் வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்