கிணறு தேறிவிட்டது, மணல்மேடு தேறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுனாமி நினைவு நாளை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த செய்திகளைப் படித்தேன். மாண்டவர்களை நினைப்பதுதான் முதல் கடமை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அன்றைக்கு மண்ணும் தண்ணீரும் பட்ட பாட்டையும் யாராவது எழுத வேண்டும். வேதாரண்யம் வட்டத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிலம் வைத்திருப்பவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை கடல் உள்ளே புகுந்தபோது என் வயலில் சம்பா கதிர் பிடித்து நின்றது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் ஒரு சாண் உயரத்துக்குக் கருஞ்சேறு. அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது; வெடிப்பின் ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. தொட்டால் அரிசிமாவு போல விரலில் ஒட்டும். அந்த மார்கழி இரவுகளில் வரப்பில் ஒரு தவளைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. எல்லோரையும் போல நானும் மோட்டார் வைத்து நாள்கணக்கில் இறைத்தேன். இறைக்க இறைக்க உப்பு ஏறியதே தவிரக் குறையவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கடலோர மணலுக்கு அடியில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே இருப்பதை அவசரப்பட்டு இறைத்தால் அடியில் இருப்பது ஏறி வந்துவிடும். இலங்கையில் மட்டக்களப்புக் கரையிலும் இதே அனுபவம்தான். பக்கத்து நிலத்துப் பெரியவர் தம் கிணற்றில் கை வைக்காமல் விட்டார். 2005 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழையில் அவர் கிணறு என் கிணற்றுக்கு முன்பே தேறிவிட்டது. வயலில் சேற்றை வழித்து, உப்பு மண்ணைத் திருத்தும் ஜிப்சம் இட்டு, மழைநீரைத் தேக்கித் தேக்கி வடித்து, பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். மூன்றாம் ஆண்டில் பழைய விளைச்சலைக் கண்டோம்.

எல்லா இடமும் இப்படி மீளவில்லை. நிக்கோபாரின் தென்கோடியில் தரையே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. அலையாத்திக் காடுகள் நின்ற நிலையிலேயே மூழ்கி மடிந்தன. வட அந்தமானில் தரை உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் செத்தன. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது.

எங்கள் கரையில் மீளாமல் போனதோ மனிதர்கள் கெடுத்தது. அதுதான் என் மனத்தாங்கல். அன்று மணல்மேடு முழுதாக நின்ற இடத்துக்குப் பின்னால் தண்ணீரின் வேகம் குறைவு. பாதைக்காகவும் மணலுக்காகவும் மேட்டை வெட்டிய இடங்களில்தான் அலை பீறிக்கொண்டு வந்தது. இதைக் கண்ணால் கண்ட பிறகும், பாதுகாப்பு அரண் அமைக்கிறோம் என்று எந்திரம் விட்டு மேட்டைச் சமப்படுத்திச் சவுக்கு நட்டார்கள்!

சவுக்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வட்டத்து நாலுவேதபதி ஊரில் 2002இல் ஒரே நாளில் 80,000க்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டார்கள். சுனாமியின்போது அந்தத் தோப்பு ஊருக்குப் பெருந்துணையாக நின்றது. நடுவதை மேட்டுக்குப் பின்னால் நடுங்கள் என்கிறேன். மேட்டின் மேல் மணலில் படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் முட்புல்லும் இருக்கட்டும். இராவணன் மீசையின் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடி, தங்கிய இடத்தில் முளைக்கும். அதன் காலடியில் மணல் சேரும். மேடு அப்படித்தான் வளர்கிறது. அந்த மேடு குடிக்கும் மழைதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். சவுக்குச் சருகு மெத்தையாகப் படிந்த இடத்தில் கொடி தலையெடுப்பதில்லை. அலையோரம் வரை மரம் வைத்துவிட்டால், தை, மாசியில் கரையேறும் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட எங்கே குழி தோண்டும்? 2018 கஜா புயலில் சவுக்குகளும் ஒடிந்து விழுந்தன. மேடும் போய், மரமும் போய் நின்றோம்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில்தான் சேர்த்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மேட்டையும் சர்வே எண்ணோடு வரைபடத்தில் குறித்து, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தங்கள் நிருபர் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதினால் நன்றியுடையவனாவேன். எங்கள் ஊருக்கு வடக்கே ஒரே ஒரு மேடு மிச்சம் இருக்கிறது. அதன் சரிவில் சென்ற வாரம் லாரித் தடம் பார்த்தேன்.

இப்படிக்கு,
கடலோர விவசாயி ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்