ப்ரீஆம்ப் வாங்கும் முன் எண்களைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஸ்டீரியோ கட்டுரையில், பேசிவ் ப்ரீஆம்ப் என்பது வெறும் வால்யூம் குமிழ், பாட்டில் உயிரே இருக்காது, ஆக்டிவ்தான் வாங்க வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டிருந்தீர்கள். ப்ரீஆம்ப் என்பது பிளேயருக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி; மின்சாரம் இல்லாமல் சிக்னலைக் குறைக்க மட்டும் செய்வது பேசிவ், மின்சாரத்தில் ஓடிப் பெருக்கவும் செய்வது ஆக்டிவ். இதைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்தில் யாராவது தேவையில்லாமல் காசைக் கொட்டிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

சிடி பிளேயரிலிருந்து வருவது 2 வோல்ட். பவர் ஆம்ப் முழு சத்தம் கொடுக்கப் பெரும்பாலும் 1 வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ போதும். ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது, அதை ஆக்டிவ் ப்ரீஆம்ப் இன்னும் பத்து மடங்கு பெருக்கினால் குமிழைத் தொட்டதுமே வீடு அதிரும், மெதுவாகக் கேட்க முடியாது, அதனுடைய இரைச்சலும் கூடவே வரும். பேசிவில் பவர் சப்ளையே கிடையாது, அதிலிருந்து ஹம்மிங் வர வழியும் இல்லை.

ஆனால் பேசிவ் எல்லோருக்கும் பொருந்தாது, இதையும் சொல்லியாக வேண்டும். கீழக்கரையில் மச்சான் வீட்டில் பிளேயரும் ப்ரீஆம்பும் கூடத்தின் ஒரு கோடியில், பவர் ஆம்ப் மறுகோடியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், நடுவில் 5 மீட்டர் கேபிள். ஜால்ரா சத்தம் மழுங்கிப்போய்க் கேட்டது. அந்தப் பேசிவ் ப்ரீஆம்பின் உள்ளே இருந்தது 50 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர், அதாவது வால்யூம் குமிழோடு சேர்ந்து திரும்பும் மின்தடை. பாதி வோல்ட்டேஜ் போகும் இடத்தில் குமிழ் நின்றால் அதன் வெளியீட்டு மின்தடை (வெளியே போகும் சிக்னலுக்கு உள்ளே இருக்கும் தடை) 12.5 கிலோ ஓம் வரை ஏறும். அதோடு கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) சேர்ந்தால் உயர்ந்த சுருதிகள் குறையும்; அது மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபல் போய்விடும். கேபிள் அதைவிட மட்டமானதாக இருந்தால் இன்னும் மோசம். பவர் ஆம்பைப் பக்கத்தில் கொண்டுவந்து 1 மீட்டர் கேபிள் போட்டு, ஸ்பீக்கர் ஒயரைத் தடிமனாக நீட்டிவிட்டோம், ஜால்ரா கணீரென்று வந்தது. 10 கிலோ ஓம் போட்டிருந்தால் அந்தத் தொல்லையே பெரிதாக இருந்திருக்காது. ஆம்பை நகர்த்தவே முடியாத வீட்டில் தாராளமாக ஆக்டிவ் வாங்கலாம், அங்கே அதன் குறைந்த வெளியீட்டு மின்தடைக்குத்தான் காசு.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விவாதமே வேண்டாம். மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) தருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதற்கு ஃபோனோ ஸ்டேஜ் (அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) கட்டாயம் வேண்டும், அதன் பிறகு பேசிவா ஆக்டிவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் கடலோரத்துக்காரர்களுக்கு ஒன்று. எங்கள் உப்புக் காற்றில் திறந்த பொட்டன்ஷியோமீட்டரின் கால்களில் பச்சை பூத்துவிடும், குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும். எந்த வகை வாங்கினாலும் மூடிய பொட்டன்ஷியோமீட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

கருவிகளை விமர்சிக்கும்போது வெளியீட்டு மின்தடை, உள்ளீட்டு மின்தடை, முழு சத்தத்துக்கு வேண்டிய வோல்ட் இந்த மூன்றையும் தயவுசெய்து அச்சிடுங்கள். அட்டைப்பெட்டியில் வாட் கணக்கு மட்டும்தான் பெரிதாகப் போடுகிறார்கள், கடைக்காரரிடம் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்